கையெழுத்துப் போடாத கவுன்சிலர்

எனக்குக் கோபம் வந்திருக்காவிட்டால் நான் வழக்கறிஞராகியிருக்க மாட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என் மேல் வைக்கிற குற்றச்சாட்டு இது. நான் ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான். லண்டனுக்கு வந்த புதிதில் பிளேஸ்டோவில் ஒரு அறையை வேறு சில பெண்களோடு பங்குபோட்டுக்கொண்டு, ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றேன். ஷிப்ட் இல்லாத நாட்களில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்க்கப் போவேன். மொழிபெயர்ப்பவர் வாயை மட்டும்தான் திறக்கலாம், சொந்த மூளையைத் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஒருநாள் ஒரு வழக்கறிஞர், தன்னுடைய கட்சிக்காரர் சொன்னதற்கு நேர்மாறாக ஒன்றை நீதிபதிக்குச் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழும்பி, அது பிழை என்றேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து நான் எனக்குள்ளே புறுபுறுத்துக்கொண்டிருந்தபோது, வேறொரு வழக்குக்கு வந்திருந்த ஐரிஷ் பெண்மணி ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். சின்னதாக ஒரு சட்ட அலுவலகம் நடத்துகிறவர். என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். தன் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க ஆள் தேவை என்றார். அப்படித்தான் அவர் எனக்கு முதலாளியம்மாவானார். பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி வழக்கறிஞராகிற வழி ஒன்று இந்த நாட்டில் உண்டு. குறுக்கு வழி அல்ல, நல்ல சுற்று வழி. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டு நான் அந்தச் சுற்றைச் சுற்றி முடித்தேன்.

முதலாளியம்மாவின் மேசைக்குப் பின்னால் தாடிக்காரர் ஒருவரின் படம் தொங்கும். அவருடைய பூட்டனாரின் தம்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி, அமெரிக்கா மேற்குப் பக்கமாக விரிந்துகொண்டிருந்த காலத்தில், அந்த எல்லைப்புறத்து ஊர் ஒன்றில் போய் இறங்கியவராம். கையில் ஒன்றுமில்லை. ஒரு கடையில் மூட்டை தூக்கி, பிறகு ஒரு கிழட்டு வழக்கறிஞரின் அறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டு அங்கே இருந்த சட்டப் புத்தகங்களை வாசித்தே தானும் வழக்கறிஞரானார். குதிரையில் ஊர் ஊராகப் போய், சத்திரத்தில் கூடிய கோர்ட்டுகளில் வாதாடினார். சனம் சோளமும் பன்றிக்குட்டியும் கொடுத்தது. பிறகு தேர்தலில் நின்றார், தோற்றார், திரும்ப நின்று வென்று மாநிலச் சட்டசபைக்குப் போனார். குடும்பத்துக்கு அவரால் பெரிய பெருமை. ஆனால் முதலாளியம்மா அந்தக் கதையை முடிக்கும்போது, சட்டசபைக்குப் போன பிறகு பன்றிக்குட்டி கொடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட அவர் வாதாடியதில்லை என்று ஒரு வசனம் சேர்ப்பார். அதைச் சொல்லும்போது படத்தைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

எனக்கு அந்தத் தாடிக்காரரைப் பிடிக்கும். நானும் அவரைப் போலத்தான் ஓடினேன். குதிரைக்குப் பதில் பஸ். காலையில் ஒரு கோர்ட், மத்தியானம் நகரின் மற்றப் பக்கத்தில் இன்னொன்று. கையில் சக்கரம் வைத்த பெட்டி நிறையக் கோப்புகள். வீடு இழந்தவர்களின் வழக்குகள்தான் என் வேலை. அரசாங்கம் கொடுக்கிற சொற்பக் காசுக்கு மேல் எங்கள் சனத்திடம் நான் ஒன்றும் வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் சும்மா விடுவார்களா? முருங்கைக்காய், நண்டு, ஒருமுறை சவுத்தாலிலிருந்து ஒரு பெட்டி மாம்பழம். முதலாளியம்மா கண்டால் என்ன நினைப்பார் என்று பயந்துகொண்டு, அலுவலகத்து எல்லோருக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிடுவேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் நண்டு வாடை வந்தால், இன்றைக்கு எந்த வழக்கு வென்றது என்று கேட்பார்.

வெல்வதிலும் ஒரு அலுப்பு உண்டு. ஒரு வழக்கை வென்றால் ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைக்கும். அடுத்த கிழமை அதே கவுன்சில், வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கவேண்டிய நகரசபை, அதே பிழையை இன்னொரு குடும்பத்துக்குச் செய்யும். மழை ஒழுகுகிற வீட்டில் சட்டி வைத்துக்கொண்டே இருப்பதைப் போல. ஒருநாளாவது கூரைக்கு ஏறிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் கவுன்சில் தேர்தல் வந்தபோது, எந்தக் கட்சியையும் சேராமல் நான் நிற்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வட்டாரத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எந்தக் கவுன்சில் என்று தெரிந்துவிடும், பிறகு எனக்குத்தான் கரைச்சல்.

கணவர் முதலில் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு, துண்டுப்பிரசுரங்களை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். ஒரு வீட்டுக் கடிதத் துவாரத்தின் மறுபக்கத்தில் நாய் ஒன்று காத்துக்கொண்டிருந்து அவருடைய விரலைப் பதம்பார்த்தது. பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவர் என் பிரசாரத்தைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் திருவிழா உபயகாரர் எல்லோரையும் தெரிந்த மனிதர். அவருடைய கடையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்தான் எங்கள் தேர்தல் காரியாலயம். பங்களாதேஷ் குடும்பங்கள், சோமாலியக் குடும்பங்கள், வெள்ளைக்காரக் கிழவர்கள், எங்கள் ஆட்கள், எல்லா வாசலிலும் நின்றேன். பாதி வாசல்களில் தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துக் குடித்து, பிறகு யாருடைய வீட்டில் கழிவறை கேட்பது என்பதுதான் பெரிய அரசியல் பிரச்சினையாக இருந்தது.

அந்தப் பரபரப்புக்குள்தான் அவள் வந்தாள். மீன் கடையில் மீன் வெட்டுகிற பெண். எனக்குப் பத்துப் பதினைந்து வயது இளையவள். கணவர் வேலைத்தலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். நடுப்பிள்ளை, தகப்பன் போன நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே யாரோடும் வாய் திறப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு ரீச்சரோடு மட்டும் இரண்டு வார்த்தை பேசும். வாடகை கட்ட முடியாமல் வீடு போக, கவுன்சில் ஒரு தற்காலிக வீட்டில் விட்டிருந்தது. இப்போது அந்த வீட்டிலிருந்தும் வெளியேற்ற வழக்குப் போட்டிருந்தார்கள். நிரந்தர வீடு ஒன்று கொடுத்தோம், அவள் மறுத்துவிட்டாள், எங்கள் கடமை முடிந்தது என்பது கவுன்சிலின் வாதம்.

ஏன் மறுத்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"நான் மறுக்கேல்லை அக்கா. அந்தக் கவுன்சில் ஒஃபிசர் மடம் போன் எடுத்து, நாலாம் மாடியிலை ஒரு பிளாட் இருக்கு, எடுக்கிறியளோ எண்டு கேட்டவ. கேட்ட உடனை ஓம் எண்டால் பறக்கிறன் எண்டு நினைப்பினமெல்லே. வேண்டாம், கஷ்டப்பட்ட ஆக்கள் ஆருக்கும் குடுங்கோ எண்டு சொன்னன். திருப்பிக் கேப்பா எண்டுதானே இருந்தன்."

அவள் மேல் வந்த கோபம் அப்படியே வடிந்துபோனது. அவள் செய்தது எங்கள் எல்லோர் வீட்டிலும் நடக்கிற காரியம். ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்கோ என்பார்கள். இல்லை, இப்பதான் சாப்பிட்டனாங்கள் என்போம். வயிறு காய்ந்தாலும் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் திரும்பக் கேட்பார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள், பிறகுதான் பாயிலோ கதிரையிலோ இருப்போம். முதல் கேள்விக்கே ஓம் என்பவரை வளர்ப்புச் சரியில்லை என்று ஊர் சொல்லும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் பிஸ்கட் தட்டை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அந்தப் பிஸ்கட்டை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தப் பெண்ணிடமிருந்து அதே மாதிரி ஒரு வீட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வழக்கை எடுத்தேன். மறுப்பு என்றால் என்ன என்பதுதான் வழக்கு. ஒரு நீதிபதிக்கு முன்னால் இதை எப்படி நிறுவுவது? நாங்கள் அப்படித்தான் என்று நானே சொன்னால் அது வாதம், சாட்சியம் இல்லை. நல்ல காலமாக, கிங்ஸ்பரியில் ஒரு டாக்டர் அகப்பட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், அவரிடம் வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தார். கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "ஆமாங்க, எங்க ஊர்லயும் இதேதான். வலி மாத்திரை தரட்டுமான்னு கேட்டா, வேண்டாம் டாக்டர்ம்பாங்க. நான் எப்பவும் ரெண்டு தடவை கேட்டுத்தான் எழுதுவேன்," என்றார். அதையே நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். நேரம் இல்லையே என்றார். நான் திரும்பக் கேட்டேன். வருகிறேன் என்றார்.

வழக்குத் தேதி தேர்தலுக்குச் சில கிழமைகளுக்குப் பிறகு என்று வந்தது. அப்போது அதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. வெல்லுவேன் என்று நினைத்திருந்தால்தானே யோசிப்பதற்கு.

வென்றுவிட்டேன். வாக்கு எண்ணுகிற மண்டபத்தில் என் பெயரைச் சொன்னபோது கடைக்கார அண்ணை ஒரு சத்தம் போட்டார், காவலுக்கு நின்றவர் ஓடிவந்தார். என் கணவர் கட்டுப் போட்ட விரலால் கண்ணைத் துடைத்தார். நான் அழவில்லை. பஸ்ஸில் மறந்துவிட்ட பெட்டியைத் திரும்ப வாங்க வந்தவள் மாதிரித்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட, தண்ணீர் விடாமலே கேத்திலை அடுப்பில் வைத்திருந்தேன். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை முதலாளியம்மா வாழ்த்திவிட்டு, கதவைச் சாத்தினார். மீன் கடைப் பெண்ணின் வழக்கை யாரிடம் கொடுக்கப்போகிறாய் என்று கேட்டார். கவுன்சிலில் இருந்துகொண்டு கவுன்சிலுக்கு எதிராக வாதாடமுடியாது, இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்கமுடியாது என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அலுவலகத்தில் இன்னொரு வழக்கறிஞர் இருந்தார், கெட்டிக்காரர். அவரிடம் இந்த வேண்டாம் கதையை விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் கவனமாகக் குறித்துக்கொண்டு, கடைசியில், அப்படியானால் அவர் உண்மையில் பொய் சொன்னார் என்று வாதாடவேண்டுமா என்று கேட்டார். அவரில் பிழையில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு என் நித்திரை போனது.

அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முகம் மாறவேயில்லை. "பரவாயில்லை அக்கா, நீங்கள் போங்கோ. எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்," என்றாள்.

வேறு யாராவது என்றால், நல்ல பிள்ளை, விளங்கிக்கொண்டாள் என்று நிம்மதியாக எழும்பிப் போயிருப்பார்கள். எனக்கும் போகத்தான் ஆசை. ஆனால் நான் எந்த வழக்கை நடத்திக்கொண்டிருந்தேன்? எழும்பின நான் திரும்ப இருந்தேன். உண்மையைச் சொல்லும், நான் நிற்கவேண்டுமா என்று இரண்டாந்தரம் கேட்டேன். அவள் தன் கைவிரல்களைப் பார்த்தாள். மீன் வெட்டின கைகள், நகத்தடியில் எப்போதும் ஒரு செதில் இருக்கும்.

"நில்லுங்கோ அக்கா," என்றாள். "வேறை ஆரும் எனக்காகக் கதைச்சால், நான் பொய் சொல்லுற மாதிரித்தான் இருக்கும்."

அப்போதிருந்து எனக்குள் ஒரு பிடிவாதம் இறங்கிவிட்டது. சட்டப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேர்தலில் வென்றவர் பதவியை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். போடும்வரை அந்தப் பதவியில் எதுவும் செய்யமுடியாது. அதற்கு இரண்டு மாதம் தவணை. அதற்குள் போடாவிட்டால் இடம் காலி என்று அறிவித்துவிடுவார்கள். வழக்கோ இரண்டு மாதத்துக்குள் வருகிறது. வழக்கை முடித்துவிட்டு அடுத்த நாள் போய்க் கையெழுத்துப் போட்டால் என்ன? முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது அழகான காரியம் இல்லை, ஆனால் சட்டத்துக்குப் பிழையும் இல்லை, கையெழுத்தில்லாமல் நீ வெறும் வழக்கறிஞர்தான் என்றார். கவுன்சிலுக்கும் நீதிமன்றத்துக்கும் ஒளிக்காமல் அப்படியே எழுதி அறிவித்தோம்.

கவுன்சிலின் முதல் கூட்டத்துக்கு நான் போகவில்லை. சனம் கதைக்கத் தொடங்கியது. கோயிலில் எனக்கு முன்னாலேயே ஒரு அம்மா, எலெக்சன் வெண்டவ ஏன் கதிரையிலை இருக்கேல்லை, கதிரை சுடுகுதோ என்று பக்கத்து அம்மாவிடம் கேட்டார். நான் சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சில கிழமைதானே என்று நினைத்தேன்.

வழக்குக்கு முதல் கிழமை, கவுன்சில் தங்களுக்கு இன்னும் கால அவகாசம் வேண்டும் என்று கேட்டது. வீடு கொடுக்கப் பேசிய அதிகாரி சுகவீனமாக இருக்கிறார் என்றார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொண்டு புதுத் தேதி கொடுத்தது. தேதியைப் பார்த்தேன். என் இரண்டு மாதம் முடிந்து ஒன்பது நாள் கழித்து. வேண்டுமென்று செய்தார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அதிகாரிக்கு உண்மையிலேயே சுகமில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். தேதியை முன்னுக்குக் கொண்டுவர மனுப் போட்டேன், நடக்கவில்லை. பதவித் தவணையை நீட்டமுடியுமா என்று கேட்டேன், முடியாது.

இனி இரண்டில் ஒன்று. கடைக்கார அண்ணை வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருகிற மனிதர், அன்று மெல்ல வந்து இருந்தார். "தங்கச்சி, நாங்கள் உங்களுக்குத்தான் வோட்டுப் போட்டனாங்கள். அந்தப் பிள்ளையின்ரை வழக்குக்குப் போடேல்லை," என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு வலித்தது. எத்தனையோ வாசல்களில் நான் வாக்குக் கேட்டேன், அவர்கள் கொடுத்தார்கள், அந்த வாக்குகளைத் தூக்கி ஒரு பெண்ணின் காலடியில் வைக்கப்போகிறேன். நான் உள்ளே போனால் இன்னும் நூறு பெண்களுக்கு உதவலாம் என்று அவர் சொன்னார். நானும் அதைத்தான் சொல்லி வாக்குக் கேட்டேன்.

ஒரு கிழமை முழுக்கக் காய்கறி வெட்டினேன், உடுப்புத் தோய்த்தேன், பெட்டியை இழுத்துக்கொண்டு கோர்ட்டுகளுக்குப் போனேன். அந்த நூறு பெண்களை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒருவருக்கும் முகம் வரவில்லை. நகத்தடியில் செதிலோடு ஒருத்தியின் கைதான் வந்தது. இது நல்ல நியாயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு தத்துவமும் என்னை முடிவுக்குக் கொண்டுவரவில்லை. நில்லுங்கோ என்று அவள் சொல்லிவிட்டாள், நான் கேட்டுவிட்டேன். கேட்டபிறகு போக எனக்குக் கால் வரவில்லை.

கணவரிடம் சொன்னேன், கையெழுத்துப் போடப்போவதில்லை என்று. தேர்தலில் நிற்கிறேன் என்றதும் தொடக்கத்தில் சிரித்த மனிதர் அவர். இப்போது கொதித்து எழும்பினார். "அப்ப நான் நாயிட்டைக் கடி வாங்கினது ஆருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. இரண்டு நாள் அவர் தானே தனக்குச் சோறு போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் என் கோட்டை எடுத்து நூல் தொங்கிய பொத்தானைத் தைத்து வைத்திருந்தார். கோர்ட்டுக்கு ஒழுங்காகப் போகவேண்டாமா என்றார்.

தவணை முடிந்தது. இடம் காலி என்று அறிவித்தார்கள். பிறகு இடைத்தேர்தல் வந்து வேறொருவர் அந்த இடத்துக்குப் போனார். நல்ல மனிதர், உழைக்கிறார். எனக்கு அவர் மேல் பொறாமை இருந்தது, இன்னும் இருக்கிறது. என்னைத் திரும்ப நிற்கச்சொல்லி ஒருவரும் வரவில்லை. கடைக்கார அண்ணை இன்றைக்கும் என்னிடம் கத்தரிக்காய்க்குக் காசு சரியாக வாங்குகிறார், முன்பு வாங்கமாட்டார்.

வழக்கு நாள் வந்தது. நீதிபதி ஒரு அம்மா. மேசையில் கோப்பும் பேனாவும் தவிர ஒன்றும் வைக்காதவர். முதலில், போனில் வீடு பேசிய கவுன்சில் அதிகாரி சாட்சி சொன்னார். உண்மையைச் சொன்னார். வீடு வேண்டுமா என்று கேட்டேன், அந்தப் பெண் நன்றி, வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார், மறுப்பு என்று பதிந்தேன் என்று சொன்னார். இதை மறுத்தால் இனி வீடு கிடைக்காது என்று தெளிவாகச் சொன்னீர்களா என்று கேட்டேன். தொடக்கத்தில் மற்ற விபரங்களோடு சேர்த்து வாசித்ததாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்ற பிறகு திரும்ப ஒருமுறை கேட்டீர்களா என்றேன். இல்லை என்றார். ஏன் என்றேன். வேண்டாம் என்றுதானே சொன்னார் என்று அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார். அவருக்கும் என் மேல் கோபம் இல்லை, எனக்கும் அவர் மேல் இல்லை.

மதுரை டாக்டர் வந்தார். தன் நோயாளிகளைப் பற்றி, பெயர் ஒன்றும் சொல்லாமல், அழகாக விளங்கப்படுத்தினார். கவுன்சிலின் வழக்கறிஞர் எழும்பி, அப்படியானால் உங்கள் மக்களிடம் வேண்டாம் என்ற சொல்லை எப்போதுதான் நம்புவது என்று கேட்டார். இரண்டாந்தரம் சொல்லும்போது என்றார் டாக்டர். நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அவள். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், மீன் கடை இங்கிலீஷ் போதும் என்று தானாகவே போய் நின்றாள். சாட்சிக்குப் பதில் சொல்லிக்கொடுப்பது இந்த நாட்டில் பெரிய குற்றம். ஆகவே நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வியை விளங்கி உண்மையைச் சொல்லும் என்றது மட்டும்தான். நானும் கேட்டேன், மற்ற வழக்கறிஞரும் கேட்டார், அவள் நன்றாகவே சொன்னாள். முடிந்தது என்று நான் மூச்சு விடுகிற நேரம், நீதிபதி தானாக ஒரு கேள்வி கேட்டார். அப்படியொரு வீட்டை இன்றைக்குக் கவுன்சில் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்றார்.

அவள் ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தாள். விருந்தாளிச் சிரிப்பு. வேண்டாம் மடம், கஷ்டப்பட்ட ஆட்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கட்டும் என்றாள்.

கவுன்சில் வழக்கறிஞரின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. எழும்பிக் கத்தவேண்டும் போல இருந்தது. ஒருகாலத்தில் எழும்பித்தான் வெளியே போனேன், இப்போது எழும்பக்கூடாது. என் பதவி போனது, இவளுடைய வீடும் போகிறது என்று நினைத்தேன். அவள் பாவம், தான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெரிய மனுசி ஒருவர் கேட்டார், இவள் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பின்வரிசையில் இருந்த டாக்டரை ஒருதரம் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பி, நான் உங்களிடம் இரண்டாந்தரம் கேட்கிறேன் என்றார். அதே கேள்வியை, அதே சொற்களில், மெல்லக் கேட்டார்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. கண் நிறைந்துவிட்டது.

"ஓம் மடம்," என்றாள். இங்கிலீஷில் இல்லை, தமிழில். பிறகு இங்கிலீஷில், இன்றைக்கே போவேன் என்றாள்.

இது மறுப்பல்ல, மறுத்தால் விளைவு என்னவென்று இந்தப் பெண்ணுக்கு எவரும் தெளிவாகச் சொல்லவுமில்லை, கவுன்சிலின் கடமை முடியவில்லை என்று நீதிபதி பின்னேரம் தீர்ப்புச் சொன்னார். இருக்கிற வீட்டிலிருந்து அவளை வெளியேற்ற முடியாது, பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். டாக்டர் என் கையைக் குலுக்கிவிட்டு நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று ஓடினார்.

நாங்கள் இருவரும் கோர்ட்டுப் படிகளில் இறங்கினோம். பாதி வழியில் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குள் அது வழக்கமும் இல்லை. "கதிரை போனது கவலையோ அக்கா?" என்று கேட்டாள்.

சீச்சீ, அப்படி ஒன்றும் இல்லை என்றேன். சிரித்தும் காட்டினேன்.

அவள் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கவலையோ அக்கா?" என்று திரும்பக் கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவள் பெட்டியைச் சுவரோடு சாய்த்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் அந்தப் படியில் வந்து இருந்தாள்.